மூளைப் பட ஆய்வில் முதல் ஆண்டு: பெங்களூருவுக்கு வரும் தமிழ் மாணவர்களுக்கு

உளவியல், உயிரித் தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் என்று பலவகைப் படிப்புகளை முடித்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருவுக்கு வருகிறார்கள். மனச்சோர்வு, சோர்வும் அளவுமீறிய எழுச்சியும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு ஆகிய மனநிலைக் கோளாறுகளை மூளைப் படங்களின் வழியே ஆராயும் குழுக்களில் திட்ட உதவியாளராகவோ இளநிலை ஆய்வாளராகவோ சேருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பு.

வருகிறவர்களில் பெரும்பாலோர் ஸ்கேன் இயந்திரத்தையும் கணினியையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் ஓர் ஆய்வு தேறுமா தேறாதா என்பது அவற்றுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிக் கேட்டீர்கள், அவர் சொன்னதை எப்படிக் குறித்தீர்கள், எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவருக்கு உண்மையிலேயே புரிந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே இக்கட்டுரையின் பெரும்பகுதி ஸ்கேன் தொடங்குவதற்கு முன் நடப்பதைப் பற்றியது.

வருவதற்கு முன்: படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

மனச்சோர்வு உள்ளவரின் மூளை என்று சிவப்பும் நீலமுமாக ஒரு படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அத்தகைய படங்கள் பெரும்பாலும் பலருடைய தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி வேறுபாட்டைக் காட்டுபவை. ஒரு தனி மனிதரின் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து, இவருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று சொல்ல இன்று எவராலும் முடியாது. இதை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நோயாளிகளும் அவர்களுடைய வீட்டாரும் உங்களிடம் அதிகமாகக் கேட்கப்போகும் கேள்வி இதைப் பற்றியதுதான்.

எண்களோடு சொன்னால் தெளிவாகும். பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் எடுத்த படங்களை ஒரே முறையில் அளப்பதற்காக 2009இல் எனிக்மா என்ற கூட்டமைப்பு தொடங்கியது. அதன் மனச்சோர்வுக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகள் 1,728 பேர், நோயற்றவர்கள் 7,199 பேர். நினைவாற்றலோடும் மன அழுத்தத்தோடும் தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி நோயாளிகளுக்குச் சராசரியாகச் சற்றுச் சிறியதாக இருந்தது. வேறுபாடு எவ்வளவு? 0.14 திட்டவிலக்கம். ஒரு நோயாளி, ஒரு நோயற்றவர் என்று 100 இணைகளைக் குருட்டாம்போக்கில் எடுத்தால், ஏறக்குறைய 54 இணைகளில் நோயாளியின் ஹிப்போகேம்பஸ் சிறியதாக இருக்கும். மீதி 46இல் பெரியதாக இருக்கும். நாணயம் சுண்டுவதைவிட மிகக் கொஞ்சமே மேல். அதே ஆண்டில் வெளியான இருமுனைக் கோளாறு ஆய்வில் (நோயாளிகள் 1,710 பேர்) அந்த வேறுபாடு 0.23 ஆக இருந்தது. அதுவும் தனி ஆளைக் கண்டறியப் போதாது.

இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்கு எதற்கு இவ்வளவு உழைப்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். மனச்சோர்வு என்ற ஒரே பெயருக்குள் பல வேறு வழிகளில் வந்த நோய்கள் அடைபட்டிருக்கின்றன என்பது என் எண்ணம். எல்லாரையும் ஒரே குவியலாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் வேறுபாடு கரைந்துபோவதில் வியப்பில்லை. யாருக்கு எந்த மருந்து பலன் தரும், யாருக்கு நோய் திரும்பும் என்று பிரித்தறிய உதவும் தடயங்களைத் தேடுவதுதான் இனி செய்யவேண்டியது. அப்படிப்பட்ட தேடலின் வழியே சில வாசல்கள் திறந்தும் இருக்கின்றன. நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுக்கோட்டை ஒட்டிக் கீழே இருக்கும் 25ஆம் எண் பகுதி மனச்சோர்வின்போது அதிகமாக இயங்குவதைப் படங்களில் கண்ட நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபர்க், எந்த மருந்துக்கும் மசியாத ஆறு நோயாளிகளுக்கு அந்த இடத்தில் மின்முனை பொருத்தித் தூண்டிய முடிவுகளை 2005இல் வெளியிட்டார். ஆறு பேரில் நான்கு பேருக்கு நல்ல முன்னேற்றம் இருந்தது. பிறகு நடந்த பெரிய சோதனைகள் அவ்வளவு தெளிவான பலனைத் தரவில்லை. இரண்டையும் சேர்த்தே படியுங்கள். துறையின் உண்மை நிலை புரியும்.

முதல் மாதம்: புறநோயாளிப் பிரிவில் உட்காருங்கள்

பெங்களூருவில் இந்தத் துறையின் மையம் ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம். 1847இல் மனநோயாளர் காப்பகமாகத் தொடங்கிய இடம். 1954இல் அங்கே அகில இந்திய மனநல நிறுவனம் நிறுவப்பட்டது. பழைய மருத்துவமனையும் அந்த நிறுவனமும் 1974 டிசம்பரில் ஒன்றாக்கப்பட்டு நிம்ஹான்ஸ் உருவானது. மருத்துவமனையும் ஆய்வுக்கூடமும் ஒரே வளாகத்தில் இருப்பது இதன் பெரிய பலம். கணினி அறையிலிருந்து எழுந்து கொஞ்சதூரம் நடந்தால், நீங்கள் ஆராயும் நோயோடு வாழ்கிற மனிதர்களைப் பார்க்கலாம். வேறு நிறுவனத்தில் சேர்ந்தாலும் உங்கள் குழுவுக்கு ஏதாவது ஒரு மருத்துவமனையோடு தொடர்பு இருக்கும். முதல் மாதத்தில் வாரம் இரண்டு காலைகளாவது, மருத்துவரின் அனுமதியோடு, புறநோயாளிப் பிரிவில் ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். மென்பொருளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

அங்கே தமிழ் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் என்று இந்த ஊரிலேயே பல தலைமுறைகளாக வாழும் தமிழர்களும் வருகிறார்கள். அவர்களுடைய தமிழில் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்திருக்கும். உங்கள் ஊர்த் தமிழை அளவுகோலாக வைத்துக்கொண்டு அவர்களைத் திருத்தாதீர்கள். கன்னடத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். வார்டு ஊழியர், ஸ்கேன் அறைத் தொழில்நுட்பர், காவலாளி ஆகியோரோடு நாள் முழுதும் பழகவேண்டியிருக்கும். தமிழ் தெரிந்தவர் என்பதால் உங்களை எல்லாரும் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள்; தட்டாமல் போங்கள். நோயாளியின் வாயிலிருந்து வரும் சொற்களை நேராகக் கேட்கும் வாய்ப்பு அது.

நேர்காணல்: அவசரப்படக்கூடாத இடம்

ஸ்கேனுக்கு வருகிறவருக்கு உண்மையில் எந்தக் கோளாறு என்பதை மருத்துவரும், பயிற்சி பெற்ற நேர்காணலாளரும் உறுதிசெய்வார்கள். நடைமுறையில் உள்ள அமெரிக்க மனநல வகைப்பாட்டின்படி, பெரும் மனச்சோர்வு என்று சொல்ல ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரமாவது நீடிக்கவேண்டும். அவற்றுள் ஒன்று சோகமாகவோ ஆர்வமின்மையாகவோ இருக்கவேண்டும். மேனியா எனப்படும் எழுச்சிநிலை, அதாவது அளவுமீறிய உற்சாகமும் வேகமும், ஒரு வாரமாவது இருக்கவேண்டும். அதன் இலேசான வடிவத்துக்கு நான்கு நாள். நோயின் கடுமையை அளக்க 1960இல் வந்த ஹாமில்டன் அளவுகோலும், எழுச்சிநிலைக்கு 1978இல் வந்த யங் அளவுகோலும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். கேட்பதுதான் கடினம். தருமபுரியிலிருந்து வந்த ஐம்பது வயது அம்மா, சோகமாக இருக்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார். தலை பாரமாக இருக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது, நெஞ்சு அடைக்கிறது, சோறு இறங்கவில்லை என்பார். அவசரத்தில் சோகம் இல்லை என்று நீங்கள் பூஜ்யம் போட்டுவிட்டால், அந்தத் தவறான எண் கடைசிவரை ஆய்வில் தங்கிவிடும். வேறு வழியில் போங்கள். பேரப்பிள்ளை வந்தால் முன்புபோல் தூக்கி வைத்துக்கொள்கிறாரா, அடுப்படியில் நிற்கப் பிடிக்கிறதா, பொழுது விடியும்போது மனம் எப்படி இருக்கிறது, வீட்டில் விசேஷம் என்றால் போகத் தோன்றுகிறதா என்று கேளுங்கள். விடை தானாக வரும்.

இன்னும் முக்கியமானது: மனச்சோர்வோடு வருகிற ஒவ்வொருவரிடமும் பழைய எழுச்சிநிலையைப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும். இருமுனைக் கோளாறு உள்ள பலருக்கு நோய் முதலில் மனச்சோர்வாகவே தலைகாட்டுகிறது. சரியான பெயர் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. நோயாளி அந்தக் காலத்தை நோயாக நினைப்பதில்லை. வீட்டாரும் அப்படித்தான். அந்த வருஷம் தம்பி ரொம்பச் சுறுசுறுப்பாக இருந்தான், ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். எத்தனை மணி நேரம் தூங்கினார், தூங்காமலும் களைப்பில்லாமல் இருந்தாரா, கடன் வாங்கிப் புதுத் தொழில் தொடங்கினாரா, யாரிடமாவது காரணமில்லாமல் சண்டைக்குப் போனாரா, பேச்சை நிறுத்த முடியாமல் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கூட வந்த அண்ணனையோ மனைவியையோ, நோயாளியின் சம்மதத்தோடு, தனியாகவும் கேளுங்கள். இரண்டு நோய்களும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால், உலகின் மிகச் சிறந்த ஸ்கேனராலும் அந்த ஆய்வைக் காப்பாற்ற முடியாது.

மருந்துகளைப் பற்றியும் விடாமல் கேளுங்கள். வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை பாதி என்றுதான் பதில் வரும். அடுத்தமுறை வரும்போது மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இது ஒப்புக்குச் செய்யும் காரியமல்ல. 1949இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் கண்டறிந்து சொன்ன நாள் முதல் இருமுனைக் கோளாறுக்குப் பயன்பட்டுவரும் லித்தியம், மூளைப் படத்தையே மாற்றக்கூடியது. எனிக்மாவின் 2018ஆம் ஆண்டு ஆய்வில், இருமுனைக் கோளாறு உள்ளவர்களின் மூளைப் புறணி எனப்படும் வெளி அடுக்கு பல இடங்களில் மெலிந்திருந்தது. லித்தியம் எடுத்துக்கொண்டவர்களிடம் அந்த மெலிவு குறைவாக இருந்தது. யார் எந்த மருந்தை எவ்வளவு காலம் எடுத்தார் என்று தெரியாவிட்டால், நோயின் தடத்தையும் மருந்தின் தடத்தையும் பிரிக்கவே முடியாது.

சாவைப் பற்றிய கேள்வி ஹாமில்டன் அளவுகோலிலேயே இருக்கிறது. கேட்கத் தயங்காதீர்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆமாம் என்று பதில் வந்தால் அங்கே ஆய்வு நின்றுவிடுகிறது. படிவத்தை மூடி வையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், பொறுப்பு மருத்துவரை அன்றே, அப்போதே அழையுங்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் எல்லாருக்கும் டெலிமானஸ் எண் 14416ஐ எழுதிக் கொடுங்கள். 2022 அக்டோபர் முதல் இயங்கும் இலவச அரசு மனநலத் தொலைபேசிச் சேவை அது, தமிழிலும் பேசலாம்.

நோயற்றவர்களைத் திரட்டும்போது இன்னொரு சிக்கல் உண்டு. ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் எளிதில் கிடைப்பவர்கள் நம்முடைய நண்பர்களும் மாணவர்களும்தான். பட்டம் படித்த இருபத்து மூன்று வயது ஆட்களை, எட்டாம் வகுப்பு படித்த நாற்பது வயது நோயாளிகளோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது வயதையும் படிப்பையும். நோயாளியோடு வந்த பக்கத்து வீட்டார், மருத்துவமனை ஊழியர்கள், அவர்கள் குடும்பத்தார் என்று தேடுங்கள். வலது கைக்காரரா இடது கைக்காரரா என்பதையும் குறிக்கவேண்டும். சாப்பிடும் கையும் எழுதும் கையும் நம் ஊரில் சரியான தடயங்கள் அல்ல. இடது கையை அடித்துத் திருத்திய வீடுகள் ஏராளம். கல் எறியும் கை, தீக்குச்சி உரசும் கை, ஊசியில் நூல் கோக்கும் கை எது என்று கேளுங்கள்.

ஒப்புதல்: கையெழுத்துக்கு முன்

நெறிமுறைக் குழு ஏற்றுக்கொண்ட தமிழ்ப் படிவம் உங்களிடம் இருக்கும். சட்ட வாசகங்களால் நிரம்பியிருக்கும் அதைப் படித்துக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் சொற்களில் விளக்கிவிட்டு, இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், எதற்காக இந்த ஸ்கேன் என்று கேளுங்கள். நோய் என்னவென்று கண்டுபிடிக்க, குணப்படுத்த என்று பதில் வந்தால், ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். மறுபடி முதலிலிருந்து விளக்குங்கள்.

நான்கு செய்திகள் அவருக்குப் புரிந்தே ஆகவேண்டும். இந்த ஸ்கேன் அவருடைய சிகிச்சைக்காக எடுப்பதன்று. மறுத்தாலும் அவருக்குக் கிடைக்கும் வைத்தியம் ஒரு துளியும் குறையாது. நடுவில் எந்த நேரத்திலும், ஸ்கேனுக்குள் படுத்திருக்கும்போதுகூட, போதும் என்று சொல்லலாம். அவருடைய பெயர் ஆய்வுத் தரவில் இருக்காது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைரேகை வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திடவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன.

கடும் எழுச்சிநிலையில் இருப்பவர் எதற்கும் உடனே சரி என்பார். அந்தச் சரியை வாங்காதீர்கள். நிலை தணியும்வரை காத்திருந்து மறுபடி கேளுங்கள். ஆள் சேர்க்கும் எண்ணிக்கை பின்தங்குகிறது என்று மேலிருந்து நெருக்கடி வரும். அப்போதும் காத்திருங்கள். ஏழைக் குடும்பங்களில், டாக்டர் சொன்னால் சரிதான் என்று கேள்வி கேட்காமல் கைநீட்டும் வழக்கம் இருக்கிறது. அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்வது எனக்கு மிகவும் கசப்பான விஷயம். வெள்ளை அங்கி போடாமல், மேசைக்கு மறுபுறம் போகாமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் மறுப்பதற்கு அவர்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

காந்த அறை: ஊக்கு, தாயத்து, சரிகை

3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. ஸ்கேனரின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறக்குறைய 60,000 மடங்கு வலிமையானது. ஸ்கேன் நடக்காதபோதும், இரவிலும், ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், ஆக்சிஜன் உருளையோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைந்த இளைஞர் ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். நோயாளியைப் பார்க்க வந்த உறவினர் அவர். அறைக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இது நினைவில் இருக்கட்டும்.

பாதுகாப்புப் படிவங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் படிவங்களைப் பார்த்து எழுதப்பட்டவை. இதயமுடுக்கி, மூளை இரத்தக்குழாய்க் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி ஆகியவற்றைக் கேட்கும். அவற்றைக் கட்டாயம் கேட்கவேண்டும். நம் மக்களிடம் அதற்கு மேலும் கேட்கவேண்டியவை உண்டு. தாலிச் சரட்டில் நான்கைந்து ஊக்குகள் கோத்து வைத்திருப்பார்கள். தாலியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் தங்கம் என்றுதான் பதில் வரும். ஊக்கு இரும்பு. புடவை மடிப்பிலும் தோளிலும் குத்தியவை, கொண்டைக்குள் புதைந்த ஊசிகள் தனி. அரைஞாண் கயிற்றில் தாயத்து இருக்கும். அதற்குள் உலோகத் தகடு இருக்கலாம், என்ன உலோகம் என்று கட்டியவருக்கே தெரியாது. சரிகைத் துணியில் உலோக இழை ஓடுகிறது, சூடாகும். ஆகவே எல்லாரையும் மருத்துவமனைப் பருத்தி உடைக்கு மாற்றிவிடுவதே நல்லது. கழற்ற முடியாத மெட்டி, மூக்குத்தி விஷயத்தில் முடிவெடுக்கவேண்டியவர் கதிரியக்க மருத்துவர்; நீங்கள் அல்ல.

தாலியைக் கழற்றச் சொல்வது பலருக்குப் பெரிய மனக்கலக்கம். அதை ஸ்கேன் நாளன்று கதவருகே சொல்லாதீர்கள். முதல் சந்திப்பிலேயே சொல்லி, வீட்டில் பெரியவர்களிடம் பேசி வரச் சொல்லுங்கள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. உலோகம் இல்லாததால் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

ஆண்களிடம் தொழிலைக் கேளுங்கள். பெங்களூருவின் தொழிற்பகுதியான பீன்யாவிலும் ஓசூரிலும் லேத் பட்டறை, வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்களின் கண்ணுக்குள் இரும்புத் துகள் தங்கியிருக்கலாம். காந்தப்புலத்தில் அது அசைந்தால் பார்வை போய்விடக்கூடும். எப்போதோ இரண்டு வருடம் பட்டறையில் இருந்தேன் என்று சொன்னாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே உள்ளே அனுப்பவேண்டும். இதே கேள்வியைப் பெண்களிடமும் கேளுங்கள். பட்டறையில் வேலை செய்யும் பெண்கள் இல்லாமலில்லை.

ஸ்கேன் நாள்

முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், காலையில் காபி குடித்தது எப்போது, கடைசி பீடி அல்லது சிகரெட் எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. நரம்புச் செல்களை நேராகப் பார்ப்பதில்லை. 1990இல் செய்ஜி ஒகாவா காட்டியபடி, இரத்தத்தில் ஆக்சிஜன் நிலை மாறும்போது காந்த சமிக்ஞை மாறுவதைத்தான் அளக்கிறது. காபியில் உள்ள காஃபீன் மூளையின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஒரு குழுவினர் காபி குடித்தும் மற்றொரு குழுவினர் குடிக்காமலும் வந்தால், நீங்கள் நோயை அளக்கவில்லை.

உள்ளே நூறு டெசிபலுக்கு மேல் சத்தம் வரும் என்பதை வார்த்தையில் சொல்லாமல், கைபேசியில் பதிவுசெய்து வைத்து முன்கூட்டியே கேட்கச் செய்யுங்கள். காதடைப்பான் சரியாகப் பொருந்தியிருக்கிறதா பாருங்கள். கையில் அழைப்பு மணிக்கான ரப்பர்க் குமிழைக் கொடுத்து ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தினால் உடனே பேச்சு வரும் என்று அவர் தெரிந்துகொள்ளவேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே தமிழில் பேசுங்கள்: அம்மா, இப்போது ஆறு நிமிடம், அசையாமல் இருங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.

அசைவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தால்கூட, மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு மாறிவிட்டதுபோலப் பொய்த் தோற்றம் உண்டாகும் என்று 2012இல் ஜொனாதன் பவர் குழுவினர் காட்டினார்கள். பதற்றம் உள்ள நோயாளிகள் மற்றவர்களைவிட அதிகமாக அசைவார்கள். அப்படியானால் நோய்க்கும் அசைவுக்கும் உள்ள தொடர்பு, நோய்க்கும் மூளைக்கும் உள்ள தொடர்பாக வேடமிட்டு வந்துவிடும். ஓடும் பஸ்ஸிலிருந்து எடுத்த புகைப்படம் போல மங்கிவிடும் என்று பங்கேற்பவருக்குச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். கழுத்துக்கடியில் துணி மடித்து வையுங்கள், இருமல் இருந்தால் வேறொரு நாள் வரச் சொல்லுங்கள், சிறுநீர் கழித்துவிட்டு வந்தாரா என்று கேளுங்கள். கணினியில் பிறகு செய்யும் எந்தத் திருத்தத்தையும்விட இவை பயனுள்ளவை.

உணர்ச்சியைக் காட்டும் முகப் படங்களைப் பார்க்கவைத்து, அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் இயக்கத்தை அளக்கும் ஆய்வுகள் பல. வெளிநாட்டு முகங்களைக் கொண்ட படத்தொகுப்புதான் எளிதில் கிடைக்கும். நிம்ஹான்ஸிலேயே இந்திய நடிகர்களின் முகங்களை வைத்து உருவாக்கிய ட்ரெண்ட்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. நம் மக்களை ஆராயும்போது அத்தகையதைப் பயன்படுத்தும்படி உங்கள் வழிகாட்டியிடம் துணிந்து கேளுங்கள்.

கணினி முன்னால்

இந்தப் பகுதிக்கு இணையத்தில் நல்ல பாடங்கள் ஏராளமாக இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். படங்கள் டைகாம் என்ற மருத்துவக் கோப்பு வடிவில் வரும். அவற்றை மூளைப் பட ஆய்வில் பயன்படும் நிஃப்டி வடிவுக்கு மாற்றி, கோப்புகளுக்குப் பெயரிட்டு அடுக்குவதற்காக 2016இல் அறிமுகமான பிட்ஸ் ஒழுங்கில் அடுக்குங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் கோப்பின் தலைப்பகுதியிலிருந்து நீக்குங்கள். தலை எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து முகத்தையே மீட்டுருவாக்க முடியும் என்பதால், பகிர்வதற்கு முன் முகப்பகுதியை அழித்துவிடுங்கள். லினக்ஸ், பைத்தான் ஆகியவையும் எஸ்.பி.எம்., எஃப்.எஸ்.எல்., ஃப்ரீசர்ஃபர் என்ற மூளைப்பட மென்பொருள்களும் கைவந்தால் எந்தக் குழுவிலும் சேரலாம்.

மென்பொருளைவிட முக்கியமானது, அது தரும் வண்ணப்படத்தைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்வது. 2009இல் சிலர் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, மனித முகங்கள் உள்ள படங்களைக் காட்டினார்கள். பல்லாயிரம் புள்ளிகளைச் சோதிக்கிறோம் என்பதற்கான திருத்தத்தைச் செய்யாமல் கணக்கிட்டபோது, மீனின் மூளையில் செயல்பாடு தெரிந்தது. 2020இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒரே தரவை 70 குழுக்களுக்குக் கொடுத்து ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரு குழுக்களும் ஒரே வழியில் பகுப்பாய்வு செய்யவில்லை. பல கருதுகோள்களில் முடிவுகள் வேறுபட்டன. ஆகவே எதை, எப்படிச் சோதிக்கப்போகிறோம் என்று தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதிப் பதிவுசெய்துவிடுங்கள். முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக வழியை மாற்றும் ஆசை எல்லாருக்கும் வரும். அந்தப் பதிவு உங்களைத் தடுக்கும்.

இருபது நோயாளிகள், இருபது நோயற்றவர்கள் என்ற அளவில் ஒரு முதுகலை ஆய்வேடு எழுத முடியும். அதிலிருந்து பெரிய உண்மை எதையும் அறிவிக்க முடியாது. மூளை அளவீடுகளை நடத்தையோடு பொருத்தும் ஆய்வுகளுக்கு ஆயிரக்கணக்கானோர் தேவைப்படுகிறார்கள் என்று 2022இல் ஸ்காட் மாரெக் குழுவினர் விரிவாகக் காட்டிவிட்டார்கள். சிறிய தரவு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. உங்கள் இருபதும் வேறோர் ஊரின் ஐம்பதும் சேரும்படி ஒழுங்காகச் சேகரிப்பதுதான் சிறிய குழு செய்யக்கூடிய பெரிய காரியம். ஒரே ஆளை ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்து, அவருக்குள் என்ன மாறியது என்று பார்ப்பதும் அப்படித்தான். தொலைபேசி எண் மாறிப்போன நோயாளியைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால் உங்கள் குழு உங்களை விடவே விடாது.

ஸ்கேனுக்குப் பின்

மூளை ஸ்கேன் எடுக்கும் நோயற்றவர்களில் ஏறக்குறைய 37 பேரில் ஒருவருக்கு எதிர்பாராத ஏதாவது ஒன்று தென்படுகிறது: நீர்க்கட்டி, இரத்தக்குழாய் வீக்கம், அரிதாகக் கட்டி. படத்தில் விசித்திரமாக எதையாவது கண்டால் முகத்தில் காட்டாதீர்கள், பங்கேற்பவரிடம் வாய்திறக்காதீர்கள். கதிரியக்க மருத்துவர் பார்த்து உறுதிசெய்த பிறகு, பொறுப்பு மருத்துவர் அவரை அழைத்துச் சொல்லவேண்டும். அதற்கான வழிமுறை உங்கள் ஆய்வுத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதல் ஸ்கேனுக்கு முன்பே பாருங்கள்.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும், மூளையில் என்ன இருக்கிறது, சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். கூட வந்த தாய்தான் பெரும்பாலும் கேட்பார். ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். மகன் நடிக்கிறான் என்று அவருடைய வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு அது சான்றாகிவிடும். நான் இப்படிச் சொல்வது வழக்கம்: அம்மா, இந்த நோய் உண்மையானது, ஆனால் ஒருவருடைய படத்தைப் பார்த்து அதைச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு இன்னும் தெரியவில்லை, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள், அடுத்த தேதிக்குக் கட்டாயம் வாருங்கள். அதைக் கேட்டுவிட்டுச் சிலர் ஏமாற்றத்தோடு போகிறார்கள். அந்த ஏமாற்றத்தைப் பொய்யால் ஆற்றக்கூடாது.

பஸ் செலவும் அன்றைய கூலியும் திட்டத்தில் ஒதுக்கியிருந்தால் அதே நாளில் கையில் கொடுத்துவிடுங்கள். கணக்குப் பிரிவிலிருந்து வரட்டும் என்று கிருஷ்ணகிரிக்காரரை இன்னொரு முறை அலையவைக்காதீர்கள். ஸ்கேனைப் பிற்பகலுக்கு வைத்தால் கடைசி பஸ்ஸைத் தவறவிடுவார் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆய்வு முடிந்ததும் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தில் தமிழில் கடிதம் எழுதுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எதைத் தேடினோம், எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று எழுதினால் போதும். அவருடைய சொந்தப் படத்தைப் பற்றி எதுவும் இருக்கக்கூடாது. உறையின் மேல் மனநல மருத்துவமனையின் பெயரை அச்சிடாதீர்கள். தபால்காரரும் பக்கத்து வீட்டாரும் படிப்பார்கள். கடிதத்தில் கொடுக்கும் தொடர்பு எண்ணை யார் எடுப்பார், அவருக்குத் தமிழ் தெரியுமா என்று அனுப்புவதற்கு முன் ஒருமுறை நீங்களே அழைத்துப் பாருங்கள்.